தினமும் படிக்க ஒரு தமிழ் எழுத்துரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்தி, கதை, பாடநூல், கைப்பேசிச் செயலி, அரசுப் படிவம் என்று அன்றாடம் படிக்கும் இடங்களுக்குத் தமிழ் எழுத்துரு வரைய நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும் இவை. கல்யாணப் பத்திரிகை, சினிமா விளம்பரம், கடைப் பலகை இவற்றுக்கான அலங்கார எழுத்தைப் பற்றி இங்கே பேச்சில்லை. அதற்குக் கணக்கே வேறு.

படிக்க எளிதான எழுத்துரு என்று எதைச் சொல்கிறீர்கள்?

இரண்டு விஷயங்கள் அதில் கலந்திருக்கின்றன. எழுத்தைப் பார்த்ததும் அது இன்ன எழுத்துதான் என்று தெரிய வேண்டும். அப்புறம், பல பக்கங்கள் தொடர்ந்து படித்தாலும் கண் சலிக்கக் கூடாது. முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாத எழுத்துருக்கள் நிறைய உண்டு. தலைப்பில் பளிச்சென்று நிற்கும். அதையே ஒரு சிறுகதைக்குப் போட்டால் அரைப் பக்கத்தில் அலுத்துவிடும்.

படிக்கும்போது கண் வரியின் மேல் சீராக ஊர்ந்து போவதில்லை. ஓரிடத்தில் நிற்கும், தாவும், மறுபடி நிற்கும். ஆங்கிலம் படிப்பவர்களிடம் அளந்து பார்த்ததில் ஒரு நிறுத்தம் பெரும்பாலும் 200 முதல் 250 மில்லிநொடி, ஒரு தாவல் சராசரியாக 7 முதல் 9 எழுத்து. அந்தக் கால் நொடிக்குள் எழுத்து பிடிபட வேண்டும். பிடிபடாவிட்டால் கண் பின்னால் திரும்பும். வாசகருக்கு இது எதுவும் தெரியாது. "என்னவோ படிக்க முடியவில்லை" என்று மட்டும் சொல்வார். உரைக்கான எழுத்துரு காலில் கிடக்கும் செருப்பு மாதிரி, கடிக்காதவரை நினைவுக்கே வராது.

ஆங்கில எழுத்துரு வரைவதற்கு நிறைய வழிகாட்டிகள் இருக்கின்றனவே, அதே விதிகள் தமிழுக்குப் போதாதா?

கண்ணைப் பற்றிய விதிகள் அப்படியே பொருந்தும். படுக்கைக் கோட்டையும் நிலைக் கோட்டையும் ஒரே தடிமனில் வரைந்தால் படுக்கைக் கோடு தடித்துத் தெரியும். அதைக் கொஞ்சம் மெலிதாக்க வேண்டும். வளைந்து முடியும் எழுத்து தட்டையாக முடியும் எழுத்தோடு சரியாக ஒரே அளவில் நின்றால் குள்ளமாகத் தெரியும். அதனால் உயரம் 500 அலகு என்றால் வளைவை 8, 10 அலகு வெளியே தள்ளி வரைவார்கள். எல்லா மொழிக்காரர்களுக்கும் கண் ஒன்றுதான்.

எழுத்தைப் பற்றிய விதிகள் பொருந்தாது. நமக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. அகல வேறுபாடு மிக அதிகம்: ர, ட இரண்டும் ஒடுங்கியவை, 'ணோ' என்று வந்தால் இரட்டைக்கொம்பு, மூன்று சுழி, கால் என்று அந்த ஓர் எழுத்தே ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லின் இடத்தை எடுத்துக்கொள்ளும். மேலே புள்ளியும் விலங்கும் (இகர, ஈகாரக் குறி), கீழே கு, ழு, ளு போன்றவற்றின் இறக்கங்களும் என்று மூன்று அடுக்குகளிலும் வேலை நடக்கிறது. சொற்களும் நீளம். 'போய்க்கொண்டிருந்தவர்களுக்காகவும்' என்பது நமக்கு ஒரே சொல். கண் ஒரு தாவலில் இதைத் தாண்ட முடியாது. சொல்லுக்குள்ளேயே பலமுறை நின்று போக வேண்டும். ஆகவே சொல்லுக்குள் இருக்கும் ஒழுங்கு தமிழில் கூடுதலாக முக்கியம்.

எந்த எழுத்திலிருந்து தொடங்குவது?

பலரும் 'அ' வரைந்து தொடங்குகிறார்கள். அழகான எழுத்து, வரைய ஆசையாக இருக்கும், ஆனால் தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல. அளபெடையை விட்டுவிட்டால் உயிரெழுத்துகள் சொல்லின் முதலில் மட்டும்தான் வரும். ஒரு பத்தியின் நிறத்தை, அதாவது தள்ளி நின்று பார்க்கும்போது அது எவ்வளவு கருப்பாக, எவ்வளவு சீராகத் தெரிகிறது என்பதை முடிவு செய்பவை க, த, ப, ம, ட, ர, ன, வ, ல ஆகியவையும், புள்ளி, கால், விலங்கு, கொம்பு போன்ற குறிகளும்தான்.

நான் ப-வில் தொடங்கச் சொல்வேன். இரண்டு நிலைக் கோடு, ஒரு தரை. அகலம், உயரம், தடிமன் மூன்றும் அதிலேயே முடிவாகிவிடும். அடுத்து ட, ம, ர, ஒரு புள்ளி. இவ்வளவு இருந்தால் படம், மரம், பட்டம், மட்டம் என்று சொற்களை அடித்துப் பார்க்கலாம். தனி எழுத்தாக எவ்வளவு நேரம் செதுக்கினாலும் சொல்லில் வைத்த மறுகணம் குறை தெரியும். அப்புறம் வளைவுகளுக்கு ல, வ, சுழிக்கு ன, சிக்கலான இணைப்புக்கு க, த. ண, ஞ, ஜ போன்ற நெரிசலான எழுத்துகளையும் சீக்கிரமே ஒருமுறை வரைந்து பாருங்கள். நீங்கள் தேர்ந்த தடிமன் அவற்றுக்குள் அடங்காவிட்டால் தடிமனையே மாற்ற வேண்டிவரும்.

மொத்தம் 247 எழுத்துகளையும் வரைய வேண்டுமா?

தேவையில்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18. இவற்றோடு கால், கொம்பு, விலங்கு, புள்ளி ஆகிய குறிகளைச் சேர்த்தால் பெரும்பாலான உயிர்மெய் தானே அமையும். விதிவிலக்கு உகர, ஊகார வரிசை: கு, சு, டு, மு, ரு, ழு என்று ஒவ்வொன்றும் வேறு விதமாக முடிவதால் 36 உருவங்களைத் தனித்தனியாக வரைந்தாக வேண்டும். டி, டீ இரண்டும் ஒட்டிய உருவங்கள். கிரந்தத்தில் ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ. கணினிகளின் பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு 2005-இல் சேர்த்துக்கொண்ட ஶ. எண்கள், நிறுத்தக் குறிகள், 2010-இல் வந்த ரூபாய்க் குறி. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 150 உருவங்கள் வரும். இகர, ஈகார வரிசையில் விலங்கு எழுத்தோடு சரியாக ஒட்ட வேண்டும் என்று விரும்பினால் அவற்றையும் தனியாக வரைவீர்கள், எண்ணிக்கை ஏறும். நி, மி, யி ஆகியவற்றில் விலங்கு தொடங்கும் இடம் ஒன்றுபோல் இருக்காது என்பதால் நான் தனியாக வரைவதையே பரிந்துரைப்பேன்.

பழைய ணை, லை, றா வடிவங்களை வைக்க வேண்டுமா?

அன்றாட வாசிப்புக்கு வேண்டாம். பெரியார் 1930-களிலேயே தன் இதழ்களில் கையாண்ட சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றது. அதற்குப் பிறகு பள்ளிக்குப் போனவர்கள் யானைத் துதிக்கை போன்ற அந்த ஐகாரத்தைப் படிக்கத் தடுமாறுவார்கள். பழம் பதிப்புகளை அதே தோற்றத்தில் வெளியிட விரும்புகிறவர்களுக்காக மாற்று உருவமாக வைத்திருக்கலாம். யூனிகோடில் இரண்டுக்கும் ஒரே குறியீடுதான் என்பதால் உரையை மாற்றாமல் தோற்றத்தை மட்டும் மாற்ற முடியும்.

எந்தெந்த எழுத்துகள் ஒன்றோடு ஒன்று குழம்பும்?

முதல் இடம் ர-வுக்கும் துணைக்காலுக்கும். பல எழுத்துருக்களில் ர-வின் அடியில் உள்ள சிறு சாய்வுதான் ஒரே வேறுபாடு. சின்ன அளவில் அது தேய்ந்துவிட்டால் 'பரம்' 'பாம்' ஆகிவிடும். சாய்வை நீட்டி, கொஞ்சம் கனமாகவே வரையுங்கள். ர், ரி, ரீ மூன்றிலும் அந்தச் சாய்வை விட்டுவிடும் பழக்கம் கையெழுத்திலும் பழைய அச்சிலும் உண்டு. புள்ளியோ விலங்கோ மேலே இருப்பதால் குழப்பம் வராது என்ற நம்பிக்கை. வைப்பதா விடுவதா என்பது உங்கள் விருப்பம். நான் வைக்கிற கட்சி.

அடுத்தது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும். 'செல்' என்பதும் 'சேல்' என்பதும் வேறு. இரண்டுக்கும் வேறுபாடு மேலே உள்ள ஒரு சுழி மட்டும். சுழிக்குள் இருக்கும் வெள்ளை 9 பாயிண்டிலும் அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எ, ஏ வேறுபாடு ஏ-யின் அடிச்சாய்வில். ஒ, ஓ வேறுபாடு ஓ-வின் அடிச்சுழியில். ஒரு காலத்தில் குறில் எகர, ஒகரங்களின் மேல் புள்ளி வைத்துப் பிரித்தார்கள். இன்றைய முறையை வீரமாமுனிவர் கொண்டுவந்தார் என்பது வழக்கு. எப்படியிருந்தாலும் நாம் இன்று ஒரு சின்னஞ்சிறு வால் மேல் முழுப் பொறுப்பையும் வைத்திருக்கிறோம். அந்த வாலை அழகுக்காகச் சுருக்காதீர்கள்.

ஐ, ஜ, ழ, மு, ரு, கு, இவையும் சின்ன அளவில் ஒன்றை ஒன்று ஒத்துப்போகும். ஔகாரக் குறியும் ள-வும் உருவத்தில் ஒன்றாகவே இருப்பதால், 'கௌ' என்பதைக் 'கெள' என்று தட்டச்சு செய்பவர்கள் இன்றும் உண்டு. குறியை ள-வைவிடச் சற்றுச் சிறிதாக வரைந்தால் வாசகருக்கு உதவும். தட்டச்சுக்காரரைத் திருத்துவது நம் கையில் இல்லை.

புள்ளியை வட்டமாக வைப்பதா, நிரப்பி வைப்பதா? சரியாக எங்கே வைப்பது?

இதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். ஓலைச் சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை; படிப்பவரே இடம் அறிந்து மெய்யாகக் கொண்டார். அச்சு வந்த பிறகுதான் புள்ளி நிலைத்தது. இன்று தமிழ் வரி எதை எடுத்தாலும் எங்கும் புள்ளி. அதனால் புள்ளியின் அளவும் இடமும் எழுத்துருவின் குணத்தையே மாற்றிவிடும்.

உள்ளீடற்ற வட்டம் பெரிய அளவில் நன்றாக இருக்கும். 10 பாயிண்டில் அச்சடித்தால் மை நிரம்பிப் பாதி வட்டம், பாதி கறை என்று ஆகும். உரைக்கு நிரப்பிய புள்ளியே சரி. அதன் விட்டம் நிலைக்கோட்டின் தடிமனைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். தடிமனுக்குச் சமமாக வைத்தால் மெலிந்து தெரியும். வட்டத்துக்கு மூலைகள் இல்லாததால் கண் அதைச் சிறியதாகவே பார்க்கும்.

இடம் என்று வந்தால் எழுத்தின் நட்டநடு என்பது எளிய பதில். பாதி எழுத்துகளுக்குத்தான் அது பொருந்தும். ப், ம், ய் போன்றவற்றுக்குச் சரி. ட்-இல் நிலைக்கோடு இடப்பக்கம் நிற்கிறது, வலப்பக்கம் மேலே வெறும் வெளி. நடுவில் வைத்தால் புள்ளி அந்தரத்தில் தொங்கும். கோட்டின் மேல் வைத்தால் வேறொரு குறிபோல ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் இடையில், கோட்டுக்கு வலப்புறம் சிறிது தள்ளி வைத்தால் அமையும். க், த், ந் ஆகியவற்றில் மேலே உள்ள கிடைக்கோட்டை வைத்து இடத்தைத் தீர்மானியுங்கள். ண், ஞ் இரண்டிலும் அகலத்தின் நடுவைவிடக் கொஞ்சம் வலப்புறம்தான் என் கண்ணுக்கு அமைகிறது. உங்களுக்கு வேறு மாதிரி தோன்றலாம். அளவுகோலை நம்பாதீர்கள், எழுத்தைத் தூரத்தில் வைத்துப் பாருங்கள்.

உயரமும் முக்கியம். எழுத்தோடு ஒட்டினால் கறை, ரொம்ப மேலே போனால் முந்தைய வரியின் உகர வாலோடு சண்டை. எல்லா மெய்க்கும் ஒரே உயரத்தில் வைத்தால் வரியின் மேல் ஒரு சீரான ஓட்டம் கிடைக்கும்.

கோடு ஒரே தடிமனில் இருக்க வேண்டுமா, தடித்தும் மெலிந்தும் போகலாமா?

எழுத்தாணி ஒரே தடிமனில்தான் கீறும். உலோக அச்சு வந்தபோது தடிமன் வேறுபாடும் வந்தது. இரண்டுமே நமக்குப் பழகியவை. புத்தகத்துக்கு மிதமான வேறுபாடு இதமாக இருக்கும். கைப்பேசியில் மெல்லிய கோடுகள் முதலில் காணாமல் போகும் என்பதால் ஏறக்குறைய ஒரே தடிமன் பாதுகாப்பானது.

'செரிஃப்', 'சான்ஸ்' என்ற பெயர்களைத் தமிழில் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். லத்தீன் எழுத்தின் கால் முனைகளில் இருக்கும் குறுக்குக் கட்டை நமக்குக் கிடையாது. நோட்டோ செரிஃப் தமிழ் என்று பெயர் இருந்தாலும் அதில் நீங்கள் காண்பது தடிமன் வேறுபாடுதான். லத்தீன் பாணியில் குறுக்குக் கட்டைகளைத் தமிழின் மேல் ஒட்டினால் ப-வுக்கும் ட-வுக்கும் தேவையில்லாத கொம்பு முளைக்கும்.

எழுத்துகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது?

எழுத்துரு வரைவதில் பாதி நேரம் இங்கேதான் போகும், போக வேண்டும். மோசமான உருவத்தை நல்ல இடைவெளி ஓரளவு காப்பாற்றும். நல்ல உருவத்தை மோசமான இடைவெளி கெடுத்தே தீரும்.

'பப' என்று அடித்துப் பாருங்கள். ப-வுக்குள் இருக்கும் வெள்ளையைவிட இரண்டு ப-க்களுக்கு நடுவில் வரும் வெள்ளை சற்றுக் குறைவாக இருக்கட்டும். இந்த அளவுதான் மற்ற எல்லாவற்றுக்கும் ஆதாரம். வளைவு எழுத்துகள் இன்னும் கொஞ்சம் நெருங்கி நிற்கலாம்.

ஆங்கிலத்தில் இல்லாத சிக்கல் கொம்பும் காலும். 'மரக்கொம்பு' என்ற சொல்லை எடுங்கள். க்-க்கு அடுத்து நிற்கும் ஒற்றைக்கொம்பு அதற்கு முன்னால் உள்ள க்-ஐச் சேர்ந்ததல்ல, பின்னால் வரும் க-வைச் சேர்ந்தது. கொம்பின் இரு பக்கமும் ஒரே இடைவெளி விட்டால் அது யாரோடு சேருகிறது என்று கண் ஒரு கணம் தயங்கும். வலப்பக்கம் குறைத்து இடப்பக்கம் கூட்டுங்கள். காலுக்கு இதன் தலைகீழ்: இடப்பக்கம் நெருக்கம், வலப்பக்கம் தாராளம். 'பா' என்பதில் கால் ப-வோடு நெருங்கி நிற்பதும் 'பர' என்பதில் ர தனித்து நிற்பதும் வாசகருக்குத் தெரியாமலே அவருக்கு உதவுகின்றன. ர-வின் சாய்வு பாதி வேலை செய்தால் இந்த இடைவெளி மீதி வேலையைச் செய்கிறது. இந்த ஒன்றைச் சரி செய்த எழுத்துரு பத்தியாகப் பார்க்கும்போது உடனே தனித்துத் தெரியும்.

அப்புறம் ட. அதன் வலப்பக்க மேல்வெளி 'கட்டடம்', 'நாடகம்' போன்ற சொற்களில் ஓட்டை விழுந்த மாதிரி தெரியும். அடுத்த எழுத்தைக் கொஞ்சம் உள்ளே இழுக்க வேண்டும். அளவு மீறினால் ட-வின் தரைக்கோடு அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஜோடி ஜோடியாக இதைச் செய்யாமல், இடப்பக்கம் ஒரே வடிவம் கொண்ட எழுத்துகளைக் குழுவாக்கிச் செய்தால் வேலை பாதியாகும்.

தமிழ் வரிகள் ஏன் எப்போதும் நெருக்கியடித்துத் தெரிகின்றன?

ஆங்கிலத்துக்கு அமைத்த வரி உயரத்தில் தமிழைக் கொட்டுவதால். ஆங்கில வரியில் மேலும் கீழும் நீட்டுகிற எழுத்துகளுக்கு நடுவே வெள்ளை கிடைத்துவிடும். தமிழில் மேலே வரிசையாகப் புள்ளியும் விலங்கும், கீழே கு, ளு, ழூ. எழுத்தளவில் 1.6 மடங்கு வரி உயரம் விட்டால் திரையில் மூச்சு விடலாம்; புத்தகத்தில் இதைவிடக் கொஞ்சம் குறைக்கலாம்.

எழுத்துரு வரைகிறவர் பக்கமும் ஒரு வேலை உண்டு. மேல்கீழ் எல்லையை எழுத்துருக் கோப்பில் மூன்று இடங்களில் பதிய வேண்டும். விண்டோஸ் ஒன்றைப் பார்க்கும், மேக் இன்னொன்றைப் பார்க்கும். குறைத்துப் பதிந்தால் பொத்தான்களில் ஈகாரத்தின் தலை வெட்டுப்படும், உகரத்தின் கால் காணாமல் போகும். தாராளமாகப் பதிந்தால் ஆங்கிலத்தோடு கலந்து வரும் வரி மட்டும் துள்ளி நிற்கும். கீ, ஷூ, ழூ மூன்றையும் ஒரே வரியில் அடித்து எல்லையைப் பாருங்கள்.

இருபுறமும் சமமாக வரிகளை நிறுத்தலாமா?

கைப்பேசியில் வேண்டாம். நாளிதழ்களின் ஒடுங்கிய பத்திகளில் அது சமாளிக்கப்படுவதற்குக் காரணம், சொல்லை எந்த எழுத்திலும் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளும் பழக்கம். உலாவி பொதுவாக அப்படி உடைப்பதில்லை. நீளமான சொல் அடுத்த வரிக்குப் போனதும் மிஞ்சிய இரண்டு சொற்களுக்கு நடுவே வெள்ளை ஆறுபோல அகன்று கிடக்கும். இடப்பக்கம் மட்டும் நிறுத்துங்கள்.

பக்கத்தில் ஆங்கிலமும் எண்களும் வந்தால்?

வரும், எப்போதும் வரும். தொலைபேசி எண், விலை, மருந்தின் பெயர், பேருந்து எண். தமிழ் எழுத்தின் உடல் உயரம் லத்தீன் சிறிய எழுத்தின் உயரத்தைவிடக் கூடுதலாகவும் பெரிய எழுத்தைவிடக் குறைவாகவும் இருந்தால் இரண்டும் சண்டையில்லாமல் நிற்கும். லத்தீனின் பெரிய எழுத்துக்குச் சமமாக்கினால் தமிழ் கத்துகிற மாதிரி இருக்கும். எண்களை லத்தீனிலிருந்து அப்படியே எடுத்து வைக்காமல் தமிழ் உயரத்துக்கு ஏற்பக் கொஞ்சம் குறைத்து வரையுங்கள். பட்டியல்களுக்காக எல்லா எண்ணும் ஒரே அகலத்தில் நிற்கும் மாற்றுத் தொகுப்பும் வேண்டும்.

சாய்வெழுத்து தேவையா?

தமிழில் அந்த மரபு இல்லை. வலுக்கட்டாயமாகச் சாய்த்தால் சுழிகள் நசுங்கும், புள்ளி நகர்ந்துவிடும். அழுத்தம் தரத் தடித்த எழுத்து போதும். நூற்பெயருக்கு மேற்கோள் குறி இருக்கிறது.

அச்சுக்கும் திரைக்கும் ஒரே எழுத்துரு போதுமா?

நல்ல தாளும் நல்ல திரையும் என்றால் போதும். மலிவான தாள் என்றால் மை பரவும். கோடுகள் சந்திக்கும் மூலைகள் அடைபடும். 1978-இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி-யின் விவரப் புத்தகங்களுக்காக மேத்யூ கார்ட்டர் வரைந்த பெல் சென்டென்னியல் எழுத்துருவில் மூலைகளில் வேண்டுமென்றே வெட்டுகள் விட்டிருந்தார். மை அந்தப் பள்ளத்தில் நிரம்பி எழுத்து சரியாக வரும். பெரிதாக்கிப் பார்த்தால் கோரம், அச்சில் தெளிவு. அதே கார்ட்டர் 1996-இல் மைக்ரோசாஃப்ட்டுக்காகச் செய்த வெர்டானாவும் ஜார்ஜியாவும் அன்றைய திரைகளின் முரட்டுப் புள்ளிகளை மனத்தில் வைத்துச் செய்தவை. எந்தப் பரப்பில் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் அவர் வரையத் தொடங்கினார்.

நம் ஊரில் கடினமான பரப்புகள் ரசீது இயந்திரமும் பேருந்தின் விளக்குப் பலகையும். ரசீது அச்சியந்திரங்களில் பரவலானவை மில்லிமீட்டருக்கு 8 புள்ளிதான் பதிக்கும். விளக்குப் பலகையில் ஆங்கிலப் பெரிய எழுத்தை 5க்கு 7 கட்டத்தில் அடக்கிவிடலாம். ண-வை 5 நிரலில் அடக்க எந்த மந்திரமும் இல்லை. மேலே புள்ளிக்கு ஒரு வரிசை, அதற்கும் எழுத்துக்கும் நடுவே இருட்டாக ஒரு வரிசை, கீழே உகரத்துக்கு இரண்டு வரிசை என்று தனியே ஒதுக்க வேண்டும். வளைகோட்டு எழுத்துருவைச் சுருக்கி அங்கே அனுப்புவது வீண். புள்ளி புள்ளியாகவே தனியாக வரைய வேண்டும்.

பழைய ஈய அச்சு எழுத்துகள் இதைவிட நன்றாக இருந்தனவா?

எல்லாம் அல்ல. கொல்லத்தில் 1578-இல் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் என்ற பெருமை உடையது. ஆனால் அந்த எழுத்துகளில் படிப்பது இன்று கஷ்டம். தரங்கம்பாடி மிஷன் அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த எழுத்துகள் அளவில் மிகப் பெரியவை. தாள் மிச்சமாக வேண்டும் என்று அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பொருளாதாரம் எழுத்தைச் சிறிதாக்கியது, சிறிதான எழுத்து தெளிவைக் கட்டாயப்படுத்தியது. 1862-இல் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் அச்சிட்ட வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதியைப் பாருங்கள். அகராதிக்குரிய பொடி எழுத்து, ஆனாலும் சுழிகள் திறந்து நிற்கின்றன. அதன் படிமங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. உருவத்தை நகலெடுக்க வேண்டாம், அகல விகிதங்களைக் கவனியுங்கள்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்?

நோட்டோ சான்ஸ் தமிழ், எழுத்துத் தொகுப்பின் முழுமைக்காக. எக் டைப் குழுவின் முக்த மலர், தேவநாகரியோடும் லத்தீனோடும் எப்படி ஒத்துப்போகிறது என்று பார்க்க. பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் பவனம், அனெக் தமிழ் ஆகியவையும் பார்க்க வேண்டியவை. அனெக்கில் தடிமனோடு அகலத்தையும் நகர்த்தலாம். நீளச் சொற்களை ஒடுங்கிய இடத்தில் அடைக்க வேண்டிய நமக்கு இது பெரிய வசதி. நீண்ட வாசிப்புக்கு டிரோ தமிழ்.

இவை திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. தொழிலுக்குப் பயன்படுத்தலாம், திருத்தலாம், செயலியில் சேர்க்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. திருத்தியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். சிலவற்றில் பெயர் காக்கப்பட்டிருக்கும். திருத்திய பதிப்புக்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை இன்னும் பயன்படுத்தலாமா?

புதிதாக எதற்கும் வேண்டாம். சிக்கல் உருவத்தில் இல்லை, குறியீட்டில். லத்தீன் எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்தவை அவை. எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், தேடலிலும் அகப்படாது. தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடுக்கும், தமிழுக்கென்று உருவான டேஸ்16 என்ற குறியீட்டுக்கும் மாறிவிட்டது.

எந்த மென்பொருள் வேண்டும்?

காசில்லாமல் தொடங்க ஃபாண்ட்ஃபோர்ஜ். மேக் வைத்திருந்து செலவு செய்ய முடிந்தால் கிளிஃப்ஸ். கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் வேலையை எழுத்துரு செய்வதில்லை, கணினியில் உள்ள வடிவமைப்பு இயந்திரம் செய்கிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரெஆஃபிஸ் எல்லாவற்றிலும் அது ஹார்ஃப்பஸ். அங்கே சரியாக வந்தால் பெரும்பாலும் எங்கும் வரும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் கொம்பு இடம் மாறி நின்றால் எழுத்துருவைத் திருத்தப் போகாதீர்கள்; முதலில் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போஸரைத் தேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

படிக்கச் சிரமப்படுகிற குழந்தைகளுக்குத் தனி எழுத்துரு உண்டா?

ஆங்கிலத்தில் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமத்துக்கென்று சில எழுத்துருக்கள் வந்திருக்கின்றன. சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் அந்த உருவங்களால் தெளிவான பயன் கிடைக்கவில்லை. கிடைத்த இடத்திலும் அகலமான இடைவெளிதான் காரணமாகத் தெரிந்தது. ஆகவே பெரிய அளவு, தாராளமான இடைவெளி, குறுகிய வரி. ஆசிரியர்கள் இதை இன்றே செய்யலாம், புது எழுத்துருவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வரைந்தது படிக்க எளிதாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

யாரிடமும் "அழகா இருக்கா?" என்று கேட்காதீர்கள். இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஒரு பக்கத்தைக் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறது, எங்கே திரும்பப் போகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவுள்ள வேறொரு உரையை அவர்களுக்குப் பழகிய எழுத்துருவில் கொடுத்து ஒப்பிடுங்கள். பழக்கமில்லாத உருவம் முதல் பக்கத்தில் எப்போதும் கொஞ்சம் தடுக்கும், அதற்கு இடம் விட்டு முடிவுக்கு வாருங்கள்.

உரை நிஜமானதாக இருக்கட்டும். திருக்குறள் வேண்டாம், எல்லோருக்கும் மனப்பாடம், கண்ணை மூடிக்கொண்டும் படிப்பார்கள். உள்ளூர்ச் செய்தி, மின்வெட்டு அறிவிப்பு, சமையல் குறிப்பு, ஊர்ப் பெயர்களின் பட்டியல் இவை நல்லவை. ஊர்ப் பெயர்களில் ஊகத்துக்கு வழியில்லை என்பதால் எழுத்துக் குழப்பம் அங்கேதான் வெளியே வரும். 9 பாயிண்டில் மலிவான தாளில் ஒன்று, விலை குறைந்த கைப்பேசியில் வெயிலில் ஒன்று, கண்ணாடி போடும் வயதுக்காரர் கையில் ஒன்று.

முதல் வெளியீட்டில் எத்தனை தடிமன் இருக்க வேண்டும்?

சாதாரணம், தடித்தது என்று இரண்டு. தடித்ததை இயந்திரத்தனமாகக் கோட்டைப் பெருக்கிச் செய்ய முடியாது; ண, ஞ, ஊ மூன்றும் கரிக்கட்டியாகிவிடும். நெரிசலான எழுத்துகளில் உள்கோடுகளை மெலிய விட்டு, எழுத்தையும் கொஞ்சம் அகலப்படுத்தி, தனியாகவே வரைய வேண்டும். இரண்டு முனைகளும் சரியாக இருந்தால் நடுவில் உள்ள தடிமன்களை மென்பொருளே கணக்கிட்டுத் தரும். மெல்லிய தடிமனைக் கேட்டு யாராவது வரும்வரை அதை வரைய வேண்டாம்.